கெட்டி அட்டைக்குள் மர்மம்: பழைய திகில் நாவல்களைச் சேர்ப்பதும் காப்பதும்

பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, நள்ளிரவில் கேட்கும் காலடி, சொத்துக்காக மறைக்கப்பட்ட வாரிசு, செத்துப்போனதாக ஊரே நம்பிய ஒருவர் திரும்பி வருவது. இவற்றைக் கொண்டு கதை சொல்லும் கோதிக் நாவல் வகை 1764-இல் ஹோரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை'யில் தொடங்குகிறது. 1794-இல் ஆன் ராட்கிளிஃப் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' அதை இங்கிலாந்தின் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1859-60-இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் வில்கி காலின்ஸின் 'வெள்ளை உடைப் பெண்' தொடராக வந்தது. 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா', 1938-இல் டாஃப்னி டு மோரியரின் 'ரெபெக்கா' என்று அந்த வரிசை நீண்டது. இந்த நூல்களின் பழைய கெட்டி அட்டைப் பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பது மேலைநாடுகளில் நெடுநாளாக மதிக்கப்படும் காரியம். அங்கே முதற்பதிப்புக்கும் மேலுறை கிழியாத பிரதிக்கும் தனிச் சந்தையும், அவற்றை விவரிக்கும் பட்டியல்களும் உண்டு.

தமிழிலும் இந்த நாவல் வகைக்கு ஒரு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது. அதன் பழைய பிரதிகளைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே சேகரிப்பின் பொருளும் வழியும் வேறு. மேலைநாட்டுச் சேகரிப்பாளர் பதிப்பாளர் வெளியிட்ட நிலையில் இருக்கும் பிரதியைத் தேடுகிறார். தமிழில் மிகுந்த மதிப்புள்ள பிரதிகளில் ஒரு பெரும்பகுதி, வாசகரே இதழிலிருந்து பிரித்தெடுத்து, ஊர் பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வைத்தவை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் தமிழ் மர்ம நாவல்களின் சேகரிப்பைப் பற்றிப் பேச முடியாது.

தமிழில் துப்பறியும் கதையின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது, பண்டித ச. ம. நடேச சாஸ்திரி 1894-இல் வெளியிட்ட, தானவன் என்ற போலீஸ் நிபுணனைப் பற்றிய நூல். முதல் தமிழ் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வந்தது. இரண்டுக்கும் இடையே 15 ஆண்டுகள்தான். நாவல் என்ற வடிவம் தமிழில் நடை பழகும்போதே மர்மமும் கூடவே வந்துவிட்டது.

அதை வளர்த்தெடுத்ததில் ஓர் ஆங்கில எழுத்தாளருக்குப் பெரும்பங்கு உண்டு. ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸ் 1844 முதல் 'லண்டன் மர்மங்கள்' என்ற கதையை வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் சிறு பகுதிகளாக வெளியிட்டார். இங்கிலாந்தின் இலக்கிய வரலாறுகள் அவரை ஓரத்தில் நிறுத்திவிட்டன. இந்திய மொழிகளோ அவரைக் கைநீட்டி வரவேற்றன. 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக இருந்த ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸ் உள்ளிட்ட பலரைத் தழுவித் தமிழில் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தார். அவருடைய துப்பறிவாளர் ஆனந்தசிங். அவர் 1925-இல் மறைந்தபோது தமிழ் வாசகருக்கு லண்டனின் மூடுபனியும் சுரங்க வழியும் மாறுவேடமும் பழகிப்போன பொருள்களாகிவிட்டிருந்தன.

ஜே. ஆர். ரங்கராஜு அந்தப் பொருள்களைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வைத்தார். கொலையுண்டதாக நம்பப்படும் பெண், பழி சுமக்கும் காதலன், உண்மையைத் தேடும் துப்பறியும் கோவிந்தன் என்று அமைந்த 'இராஜாம்பாள்' பல பதிப்புகள் கண்டது. 1935-இலும் 1951-இலும் திரைப்படமானது. அவருடைய 'சந்திரகாந்தா'வும் திரைக்கு வந்தது. வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880-1942) இந்த வகையின் தலைமை எழுத்தாளர் என்றே சொல்லலாம். 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்', 'மதன கல்யாணி', 'வித்தியாசாகரம்' ஆகியவை அவருடைய புகழ்பெற்ற நாவல்களில் சில. 'மேனகா' டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகமாகி, 1935-இல் படமானது. அவர் படைத்த துப்பறிவாளர் திகம்பர சாமியார் 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் எம். என். நம்பியாரின் உருவில் திரையேறினார். வடுவூராரிடமிருந்து 'ஜகன்மோகினி' இதழை ஏற்று 1925 முதல் நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாளின் முதல் தொடரான 'வைதேகி'யும் துப்பறியும் கதைதான். அவர் எழுதிய நாவல்களின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டுகிறது.

கோதிக் நாவலுக்கு ஒரு பழைய வீடு வேண்டும். ஆங்கில நாவலில் அது கோட்டையாகவோ மடாலயமாகவோ இருந்தது. தமிழில் ஜமீன் மாளிகையும் ஊருக்கு வெளியே உள்ள பங்களாவும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. இது வெறும் அலங்காரமாக அமைந்துவிடவில்லை. இந்த நாவல்கள் எழுதப்பட்ட காலத்தில் ஜமீன்தார்கள் உயிரோடு இருந்தார்கள்; வாரிசுரிமை வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தன; தத்துப்பிள்ளை, கள்ள உயில், சிறைவைக்கப்பட்ட விதவை என்ற செய்திகளை வாசகர் நாளிதழிலும் படித்தார். 1948-இன் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் முறையை முடித்து வைத்தது. கல்வராயன் மலையில் அந்த உலகம் இன்னும் நெடுநாள் நீடித்தது. அங்கே ஜாகீர்தார்கள் என்ற நிலத்தலைவர்களின் அதிகாரம் 1976 வரை தொடர்ந்தது. அந்த மலையடிவார ஊர்களில் இப்போது 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஜாகீர் என்பது தங்கள் இளமையில் கண்டு கேட்ட நடைமுறை. வடுவூராரின் கதைகளை அப்படிப்பட்ட ஒருவர் படிக்கும்போது அந்த மாளிகைகளை வெறும் கற்பனை என்று தள்ளிவிட மாட்டார்.

1950-களுக்குப் பிறகு இந்த வகை வார இதழ்களுக்கு இடம்பெயர்ந்தது. 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன் தம் துப்பறிவாளர் சங்கர்லாலை உலகம் சுற்ற வைத்தார். பி. டி. சாமி பேய்க்கதைகளுக்கென்றே ஒரு வாசகர் கூட்டத்தை வைத்திருந்தார். 1980-களின் தொடக்கத்தில் 'குமுத'த்தில் வந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' தமிழில் கோதிக் நாவலின் இலக்கணத்துக்கு மிகவும் நெருங்கி வந்த படைப்பு. இளம் வாரிசு, பரம்பரைச் சொத்து, இரவில் தோன்றும் உருவம் எல்லாம் அதில் உண்டு. நடப்பவற்றுக்குப் பேய் காரணமா விஞ்ஞானம் காரணமா என்ற கேள்வியைச் சுஜாதாவின் வக்கீல் இணையான கணேஷும் வசந்தும் சேர்ந்து துரத்துகிறார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் குலதெய்வத்தையும் ஊர்க்கட்டுப்பாட்டையும் சித்தர் மரபையும் இந்த வகைக்குள் கொண்டுவந்தார். அவர் எழுதிய 'விட்டுவிடு கருப்பா' பின்னர் 'விடாது கருப்பு' என்ற தொலைக்காட்சித் தொடராகிக் கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தது.

இந்த வரலாற்றில் சேகரிப்பாளர் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய கெட்டி அட்டைப் பிரதிகள் மூன்று வகை.

முதல் வகை, பதிப்பாளரே கட்டி விற்ற பிரதி. 1910-களிலிருந்து 1940-கள் வரை வந்த நாவல்களில் பல, காலிகோ துணி போர்த்திய அட்டையோடு, முதுகில் நூற்பெயர் அச்சிட்டு விற்கப்பட்டன. ஒரே நாவல் இரண்டு மூன்று பாகங்களாகப் பிரிந்து வருவதும் வழக்கம். இவற்றின் கடைசிப் பக்கங்களில் அந்த ஆசிரியரின் மற்ற நாவல்களின் பட்டியலும் விலையும் இருக்கும். சில நாவல்களைப் பற்றிய செய்தி இன்று கிடைப்பதே இந்தப் பட்டியல்களில்தான்.

இரண்டாம் வகை, நூலகப் பிரதி. 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பால் உருவான அந்தச் சட்டத்தின் வழி, வீட்டு வரியோடு வசூலாகும் நூலக வரியில் கிளை நூலகங்கள் ஊர்தோறும் வந்தன. அவற்றில் அதிகம் கை மாறியவை மர்ம நாவல்கள். அட்டை பிய்ந்ததும் நூலகம் அதை மறுபடி கட்டும். அப்போது மூல அட்டை போய்விடும்; ஓரம் சமமாக வெட்டப்பட்டுப் பக்க எண்ணோ வரியின் நுனியோ சில நேரம் சேதமாகும். உள்ளே ஊதா மையில் முத்திரை இருக்கும். பார்வைக்கு அழகில்லாவிட்டாலும், முகப்புப் பக்கம் தப்பியிருந்தால் இத்தகைய பிரதிகள் மிகவும் பயனுள்ளவை.

மூன்றாம் வகைதான் மிகவும் கவனிக்கத்தக்கது: தொடர்கதை பைண்டிங். வாரந்தோறும் இதழ் வந்ததும் வீட்டில் எல்லோரும் படித்து முடிப்பார்கள். பிறகு தொடரின் பக்கங்களை மட்டும் பின்னைக் கழற்றிப் பிரித்தெடுத்து, அடுக்கி வைப்பார்கள். தொடர் முடிந்ததும் கட்டு பைண்டரிடம் போகும். அவர் தாள்களைத் தட்டிச் சமன் செய்து, முதுகோரத்தில் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் பக்கத் தையல் போடுவார். மைதாவைக் காய்ச்சிய பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார். முதுகுக்கும் மூலைகளுக்கும் காலிகோ, அட்டையின் முகத்துக்கு மார்பிள் தாள். கடைசியில் ஓரம் வெட்டி, கனமான கல்லுக்கடியில் வைத்து அழுத்தினால் புத்தகம் தயார். முதல் வெற்றுத்தாளில் நாவலின் பெயரும் எழுதியவர் பெயரும் வீட்டுக்காரரின் முத்தான கையெழுத்தில் இருக்கும்.

இந்தப் பிரதியைத் திறந்தால் வேறெங்கும் எளிதில் கிடைக்காத சில விவரங்கள் காணக் கிடைக்கின்றன. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் ஓவியம் இருக்கும். கணேஷுக்கும் வசந்துக்கும் வாசகர் மனத்தில் உருவம் தந்தவர் ஓவியர் ஜெயராஜ்; புத்தகமாக வந்த பதிப்புகளில் அந்தப் படங்கள் பெரும்பாலும் இல்லை. வாரக் கடைசியில் கதை எந்த வரியில் நிறுத்தப்பட்டது, அடுத்த வாரம் எந்த வரியில் தொடங்கியது என்பது இதில் மட்டுமே தெரியும். திகில் நாவலின் உயிர் அந்த நிறுத்தத்தில் இருக்கிறது. அத்தியாயம் முடிந்த பக்கத்தின் மறுபுறம் ஒரு சோப்பு விளம்பரமோ, துணுக்கோ, வேறு கதையின் பாதியோ தப்பி நிற்கும். தொடர் வந்த ஆண்டில் தமிழ் வீடு எதை வாங்கியது, எதைப் பார்த்துச் சிரித்தது என்பதற்கு அதுவே சான்று.

பழைய மர்ம நாவல்கள் இன்று அரிதாகிப்போனதற்குக் காரணம் அவை குறைவாக அச்சானது என்று எண்ணிவிடக் கூடாது. அவை மிகுதியாகப் படிக்கப்பட்டன. ஒரு பிரதி தெரு முழுக்கப் போய்வந்தது. வாடகை நூலகங்களில் நாளுக்கு ஒருவர் கையில் இருந்தது. பக்கங்கள் கழன்றதும் எடைக்குப் போனது. செவ்விலக்கியமோ சமய நூலோ பூஜையறை அலமாரியில் இடம்பெற்றுத் தப்பியது. இராஜாம்பாளும் மேனகாவும் தலையணைக்கடியில் இருந்து தேய்ந்து போனார்கள். 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி' இதழைச் சார்ந்த எழுத்தாளர்கள் இந்த நாவல்களை இலக்கியமாகக் கொள்ளவில்லை. அவர்களுக்குப் பின்வந்த விமர்சன மரபும் அந்தக் கருத்தையே ஏற்றது. படிக்கத் தகாதது என்று விலக்கப்பட்ட நூலைப் பாதுகாக்கப் பொது நிறுவனம் எதுவும் எளிதில் முன்வராது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' போன்ற ஆய்வுகள் வந்த பிறகே, தமிழர்களுக்கு மௌனமாகத் தனியே அமர்ந்து படிக்கும் பழக்கம் வந்த வரலாற்றில் இந்த நாவல்களுக்கு உள்ள இடம் தெளிவாகத் தெரிந்தது.

கையில் கிடைத்த பிரதியின் வயதை அறிவது சேகரிப்பின் அடிப்படைத் திறமை. பல பழைய நாவல்களில் முகப்புப் பக்கம் இருக்காது. இருந்தாலும் ஆண்டு தமிழ்ப் பெயரில் மட்டும் இருக்கலாம். சுக்கில என்றால் 1929-30, யுவ என்றால் 1935-36. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும் என்பதால் வேறு அடையாளங்களும் வேண்டும். விலை ரூபாய், அணா, பை என்று மூன்று இடங்களாக இருந்தால் அது 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தைய அச்சு. லை, னை போன்ற எழுத்துகளில் ஐகாரம் பழைய கொம்பு வடிவில் இருந்தால், 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தாள் மெலிந்து, எழுத்து நெருக்கி, ஓர இடம் குறைந்திருந்தால் இரண்டாம் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டை நினைக்க வேண்டும். தொடர்கதை பைண்டிங்கில் பக்கத்தின் அடியிலோ தலையிலோ இதழின் தேதி இருக்கும். பைண்டர் ஓரத்தை வெட்டியிருந்தால் மறுபுறத்து விளம்பரம் கைகொடுக்கும்.

இவற்றைச் சரிபார்க்க நம்பகமான ஆவணம் ஒன்று உண்டு. 1867-இன் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் அச்சான ஒவ்வொரு நூலும் அரசிடம் பதிவாக வேண்டியிருந்தது. அந்தப் பதிவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழின் இணைப்பாக வெளிவந்தது. நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கங்கள், அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை, விலை அனைத்தும் அதில் இருக்கும். ஒரு நாவலின் முதற்பதிப்பு எது, எத்தனை பிரதி என்று ஊகிக்காமல் அறிய அதைவிட நல்ல வழி இல்லை.

ஆங்கில கோதிக் நாவல்களின் பழைய கெட்டி அட்டைப் பதிப்புகளும் தமிழ்நாட்டில் அவ்வப்போது கிடைக்கின்றன. பிரிட்டிஷ் பதிப்பகங்கள் இந்தியா முதலிய நாடுகளுக்கென்று குறைந்த விலையில் தனிப் பதிப்புகளை அச்சிட்டன. மாக்மில்லன் 1886-இல் இத்தகைய வரிசையைத் தொடங்கியது. 'டிராகுலா'வுக்கும் 1897-இலேயே ஹட்சின்ஸன் வரிசையில் இப்படி ஒரு பதிப்பு உண்டு. 1844-இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகள் வழியாக ஆங்கில நாவல்கள் வக்கீல்கள், தாசில்தார்கள், கல்லூரி ஆசிரியர்களின் வீடுகளுக்குப் போயின. ரெய்னால்ட்ஸ் முதலியோரைப் படித்துத் தழுவிய தமிழ் எழுத்தாளர்களின் கைக்கு வந்தவற்றில் இப்படிப்பட்ட பிரதிகளும் இருந்திருக்கலாம். ஆகவே ஒரு தமிழ்த் தழுவலையும் அதன் ஆங்கில மூலத்தின் அக்காலப் பதிப்பையும் அருகருகே வைப்பது தமிழ்ச் சேகரிப்புக்கு வாய்க்கும் ஒரு சிறப்பு.

சென்னையில் நெடுங்காலம் பழைய நூல் தேடுவோரின் முதல் இடமாக இருந்தது மூர் மார்க்கெட். 1985 மே மாதம் அது எரிந்தது. அதன் கடைகளில் இருந்த நூல்களில் எவை அன்று அழிந்தன என்பதற்குக் கணக்கே இல்லை. இன்று திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளும் புதுச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் தேடுவோருக்கு உதவுகின்றன. ஆனால் தொடர்கதை பைண்டிங்கைத் தேடுபவருக்கு நகரச் சந்தையைவிடச் சிற்றூரே பெரிய களம்.

மூங்கில்துறைப்பட்டை எடுத்துக்கொள்ளலாம். திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம் போகும் சாலையில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது இந்த ஊர். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட ஓரம் இது. கரும்பு விளையும் பகுதி. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கேதான் உள்ளது. ஆலையும் பள்ளியும் பேருந்துப் போக்குவரத்தும் உள்ள இத்தகைய ஊர்களில் மாதச் சம்பளக்காரர்களும் ஆசிரியர்களும் குடியிருப்பார்கள். வார இதழைக் கடனுக்கேனும் வாங்கிப் படித்த தலைமுறை அது. அவர்கள் கட்டி வைத்த தொகுதிகள் விற்பனைக்கு வருவதில்லை. வீட்டை இடித்துக் கட்டும்போதோ, பெரியவர் காலமான பிறகு பரணை ஒழிக்கும்போதோதான் அவை வெளியே வரும். வந்த அன்றே பழைய பேப்பர் கடைக்குப் போய், எடை போடப்பட்டு, சில நாளில் கூழ் ஆலைக்கு லாரி ஏறிவிடும். சேகரிப்பாளருக்குக் கிடைக்கும் அவகாசம் அந்தச் சில நாள்கள்தான். பழைய பேப்பர் கடைக்காரர், பைண்டர், கிளை நூலகர் ஆகிய மூவரோடும் பழக்கம் வைத்திருப்பவருக்கே நல்ல பிரதி கிடைக்கும். பைண்டரை மறந்துவிடக் கூடாது. வந்து வாங்கிக்கொள்ளாத கட்டுகள் அவர் கடை மூலையில் பல ஆண்டு கிடக்கக்கூடும்.

தனிமனிதர் தொடங்கிய சேகரிப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்றுகள் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல், இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று அச்சில் வந்த எதையும் ஒதுக்காமல் சேர்த்தார். இலக்கியத் தரம் பார்த்து வடிகட்டாததால்தான் மலிவு விலை நாவல்களும் அவரிடம் தங்கின. 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தத் தொகுப்பு சென்னைக்கு வந்து, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் உருவாக்கிய ஞானாலயா நூலகம், முதற்பதிப்புகளுக்குப் பெயர்பெற்றது. அரசுத் தரப்பில் கன்னிமாரா நூலகம் சட்டப்படி நூல்களைப் பெறும் நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நாவல்கள் பல ஒளிப்பட வடிவில் கிடைக்கின்றன.

மின்வடிவம் வந்த பிறகு பழைய பிரதி எதற்கு என்று கேட்கலாம். வடுவூராரின் எழுத்து பதிப்புரிமைக் காலத்தைக் கடந்துவிட்டது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற கணக்கில் ரங்கராஜுவுடையதும் 2020 முதல் அப்படியே. எனவே மறுபதிப்புகள் வருகின்றன, இன்னும் வரும். அது நல்லது. ஆனால் மறுபதிப்பில் நடையைத் திருத்துவது, மணிப்பிரவாளச் சொற்களை மாற்றுவது, நீண்ட அறிவுரைப் பகுதிகளை வெட்டுவது, முன்னுரையையும் விளம்பரப் பக்கங்களையும் விட்டுவிடுவது எல்லாம் நடக்கின்றன. திருத்தப்பட்ட நூலை மட்டும் படிப்பவர் ஆசிரியரின் மொழியைப் படித்ததாகாது. எது மாற்றப்பட்டது என்று காட்ட ஒரு பழைய பிரதியாவது எங்கேனும் முழுமையாக இருக்க வேண்டும். சேகரிப்பின் பொறுப்பு அங்கேதான் இருக்கிறது.

பிரதியைக் காப்பதற்குத் தாளின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் லிக்னின் மிகுதி. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அமிலம் பெருகித் தாள் பழுத்து, மடித்த இடத்தில் உடையும். வார இதழ்த் தாள் இதில் மிகவும் மோசம். வெயிலில் காய வைப்பது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். இந்தத் தாளுக்கு அது கேடு. நிழலில், காற்றோட்டமான இடத்தில் பிரித்து வைத்தால் போதும். செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் பசை கசிந்து எழுத்தின் மேல் பழுப்புக் கறையாகப் படியும். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப்பசையும் ஏற்றவை. வேண்டும்போது நீரால் நெகிழ்த்தி அகற்றிவிடலாம். பழைய தொடர்கதை பைண்டிங் தளர்ந்திருந்தால் புதிதாகக் கட்டக் கொடுப்பதைவிட, அளவுக்கேற்ற அட்டைப் பெட்டியில் வைப்பதே சரி. மறுபடி கட்டினால் மறுபடி ஓரம் வெட்டப்படும்.

பூச்சிகளில் ராமபாணமும் கரையானும் முதல் எதிரிகள். பசையிலுள்ள மாவைத் தேடித்தான் ராமபாணம் வருகிறது. வேப்பிலையும் வசம்பும் ஓரளவுக்கு உதவும். பூச்சி அரித்த பிரதி வந்தால், மற்ற நூல்களோடு சேர்ப்பதற்கு முன் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி வரை குளிரும் உறைபெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். புழுவும் முட்டையும் அழியும். கரையானுக்கு எதிராக முதல் காப்பு, அலமாரியைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் தள்ளி வைப்பது.

ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி வரை நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரையோரம் நெடுகப் பாதிக்கப்பட்டது. பரணில் இருக்கும் கட்டுக்கு ஓட்டு ஒழுக்கும் கரையானும் ஆபத்து. தரையில் இருக்கும் கட்டுக்கு வெள்ளம் ஆபத்து. இடுப்புயரத்துக்கு மேல், கூரைக்கு வெகு கீழே இருக்கும் தட்டுதான் பாதுகாப்பு. நனைந்துவிட்ட நூலை இரண்டு நாளுக்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறியடியில் நிறுத்தி வைத்து, சில பக்கங்களுக்கு ஒன்றாக மையொற்றும் தாளை இடையில் வைத்து, அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் பல நூல்கள் நனைந்தால், உலர்த்த முறை வரும்வரை உறைபெட்டியில் வைத்திருக்கலாம்.

சேர்த்தவற்றுக்குப் பட்டியல் எழுதாவிட்டால் சேகரிப்பு நிறைவடையாது. நூற்பெயர், ஆசிரியர், பாகம், அச்சகம், ஆண்டு, விலை, பக்கம், எந்தெந்தத் தாள் இல்லை, எந்த ஊரில் எந்த வகையில் கிடைத்தது ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். தொடர்கதை பைண்டிங்காக இருந்தால் இதழின் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஓவியர் பெயர், விடுபட்ட வாரங்கள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். முதல் தாளில் இருக்கும் வாசகரின் கையெழுத்தையும் குறிப்புகளையும் அழிக்கக் கூடாது; அவை நூலின் வரலாற்றைச் சேர்ந்தவை. ஒரே நாவலின் இரண்டு பிரதிகள் கிடைத்தால் மட்டமானதை எறியாமல் வைத்திருக்க வேண்டும். ஒன்றில் இல்லாத பக்கம் மற்றொன்றில் இருக்கும்.

இறுதியாக, சேர்த்தவர் காலத்துக்குப் பிறகு தொகுப்பு எங்கே போகும் என்பதை அவர் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். ரோஜா முத்தையாவின் தொகுப்பு சிதறாமல் தப்பியது, அதன் மதிப்பை உணர்ந்த நிறுவனம் உரிய நேரத்தில் வந்ததால். அப்படி ஒரு கை எல்லாத் தொகுப்புக்கும் வாய்ப்பதில்லை. பட்டியலின் ஒரு படியை ஆய்வு நூலகம் ஒன்றுக்கு அனுப்பி, அங்கே இல்லாதவற்றை மின்படியாக்க ஒப்புக்கொடுத்துவிட்டால், மூலப் பிரதி ஊரிலேயே இருந்தாலும் அதன் உள்ளடக்கம் அழியாமல் தப்பிவிடும். ஒரு காலத்துத் தமிழர்கள் விளக்கடியில் அமர்ந்து அச்சத்தோடும் ஆவலோடும் படித்தது எதை என்பதற்கு இந்த நூல்களே நேரடிச் சாட்சி. அவற்றைக் கட்டி வைத்த வாசகர்கள் தங்களால் இயன்றதைச் செய்துவிட்டார்கள். அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் தடுத்து, முழுமையாக அடுத்தவர் கையில் ஒப்படைப்பது இப்போது வைத்திருப்பவர்களின் கடமை.